கூண்டுப்புழு: கூடு கட்டும் விதமும் வயலை விட்டு விரட்டும் முறையும்

நடவு முடிந்த சில நாட்களில் நெல் இலைகளின் நுனி நேராக வெட்டுப்பட்டிருந்தால், வயல் தண்ணீரைக் கவனியுங்கள். சிறு பச்சைக் குழல்கள் மிதந்தால் அது கூண்டுப்புழுவின் வேலை. பாராபாயின்க்ஸ் ஸ்டாக்னாலிஸ் என்ற சிறிய அந்துப்பூச்சியின் புழு இது. சதுப்பும் தேங்கிய நீரும் இதற்கு வாழிடம்; தண்ணீர் நிற்கும் நெல்வயலும் அப்படியே. மேட்டுநில நெல்லில் இதைக் காண முடியாது.

எப்படி வளர்கிறது?

1. வெண்ணிற இறக்கையில் சிறு புள்ளிகள் கொண்ட தாய்ப்பூச்சி இரவில் பறக்கும், விளக்கொளிக்கு வரும். நீரில் படிந்த இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாக முட்டையிடும். சில நாட்களில் அவை பொரியும்.

2. இளம்புழு முதலில் இலையைச் சுரண்டித் தின்னும். சற்று வளர்ந்ததும் இலை நுனிப் பக்கம் ஏறி ஓரத்தைக் கடிக்கும். இலை உட்புறமாகச் சுருளும். வாயிலிருந்து வரும் பட்டு இழையால் இரு ஓரங்களையும் இணைத்துக் குழலாக்கி, அடியில் அறுத்துக்கொண்டு குழலோடு நீரில் விழும்.

3. புழுவின் உடலோரம் இழை இழையாகச் செவுள்கள் உண்டு. குழலுக்குள் தேங்கும் நீரிலிருந்துதான் அது மூச்சுவிடுகிறது. இரவில் அந்த நீரையும் சுமந்துகொண்டே செடியேறிப் பச்சையத்தைச் சுரண்டும். வெளுத்த இலையில் ஏணிப்படி போன்ற தடம் தெரியும். பகலில் மிதக்கும் குழலைக் காற்றும் நீரோட்டமும் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோகும்.

4. உடல் பெருக்கும்போது பழைய குழலை விட்டுப் புதியது செய்யும். முழு வளர்ச்சி அடைந்தபின் நீர்மட்டத்துக்கு மேலே தூரில் குழலை ஒட்டி, உள்ளேயே கூட்டுப்புழுவாகும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் பூச்சி வெளிவரும்.

எப்படி விரட்டுவது?

உணவு, மூச்சு, பயணம் எல்லாமே தண்ணீரை நம்பியிருப்பதால் மருந்தைவிட மடையே இங்கு முக்கியம். ஆனால் வரிசை மாறக்கூடாது.

1. வயலில் தண்ணீர் நிற்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். எதிரெதிர் வரப்பில் இருவர் நின்று, மண்ணெண்ணெயில் நனைத்த கயிற்றைப் பயிரின் மேல் இழுத்துச் செல்ல வேண்டும். இலைகளில் தொற்றிய குழல்கள் நீரில் விழும். முதலிலேயே தண்ணீரை வடித்தால் இவை செடியிலேயே தங்கிவிடும்.

2. வடிமடையில் வலையைக் கட்டிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். வலை இல்லாவிட்டால் கீழ்வயல்காரருக்குப் புழுவை அனுப்பியதாகிவிடும். சிக்கும் குழல்களை அள்ளி அழியுங்கள்.

3. இரண்டு மூன்று நாட்கள் வயலைத் தண்ணீரின்றி விடுங்கள். குழலுக்குள் நீர் வற்றியதும், எஞ்சிய புழுக்கள் மூச்சுக்கு வழியின்றிச் சாகும். பிறகு வழக்கம்போல் பாய்ச்சலாம்.

தூர் கட்டி முடித்த பயிரில் இதைக் கண்டால் பதற்றம் வேண்டாம். அப்போது சேதம் குறைவு, புதிய இலைகள் ஈடுகட்டிவிடும். அவசரப்பட்டு மருந்தடித்தால், இந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் தட்டானும்தான் முதலில் அழியும். இந்தப் புழு மீண்டும் பெருகாமலிருக்க, அடுத்த போகத்தில் தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள்.