இமை சுரக்கும் எண்ணெய்

“கண்ணை இமை காப்பது போல” என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். தூசி பறந்து வந்தாலும், எதிரே ஒரு கை ஓங்கப்பட்டாலும், நம்மைக் கேளாமலே இமை மூடிக்கொள்ளுகிறது. ஆனால் இமையின் காவல் இதனோடு முடிந்துவிடவில்லை. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும், கண்ணின் ஈரம் உலர்ந்து போகாதபடி அதன்மேல் எண்ணெய் பூசும் பணியையும் அது செய்கிறது. இப்பணி தடைப்படுவதால் எத்தனையோ பேர், காரணம் இன்னதென்று அறியாமலே ஆண்டுக்கணக்கில் துன்புறுகின்றனர்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

இமைமயிர் வரிசைக்குச் சற்று உட்புறமாக, இமையின் விளிம்பில் நுண்ணிய துவாரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மேலிமையில் ஏறத்தாழ 25 முதல் 40 வரையிலும், கீழிமையில் 20 முதல் 30 வரையிலும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்களே அவை. ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிச் மைபோம் 1666-ஆம் ஆண்டில் இவற்றை விவரித்து எழுதினார். அவர் பெயராலேயே இவை மைபோமியன் சுரப்பிகள் என்று வழங்குகின்றன.

காய்ச்சிய பாலின்மேல் ஏடு படர்வது போல, இந்த எண்ணெய் கண்ணீரின்மேல் மிக மெல்லிய படலமாகப் படர்கிறது. அப்படலம் இருக்கும்வரை கண்ணீர் எளிதில் ஆவியாவதில்லை. அது குறைந்தால், சுரக்கும் நீர் போதுமானதாயிருந்தும் கண் உலர்ந்துவிடுகிறது. உலர்கண் நோய்க்கு உலகெங்கும் முதன்மையான காரணம் இதுவாகவே இருக்கக்கூடும் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2011-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

சுரப்பிகள் கெடுவது ஏன்?

மார்கழிக் குளிரில் புட்டியிலுள்ள தேங்காயெண்ணெய் உறைந்துபோவதை நாம் கண்டிருக்கிறோம். இமைச் சுரப்பியிலும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்கிறது. நலமான நிலையில் இளகி ஓடும் எண்ணெய், தன்மை மாறிப் பற்பசை போலக் கெட்டியாகிறது. துவாரத்தைச் சுற்றியுள்ள தோலும் தடித்து வழியை அடைக்கிறது. வெளியேற இயலாத எண்ணெய் உள்ளே தேங்கி அழுத்த, நாளடைவில் சுரப்பியே சுருங்கி அழிகிறது. இவ்வாறு அழிந்த சுரப்பியை மீட்பது மிகவும் அரிது. ஆகையால்தான் இதைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடலாகாது.

முதுமை இதற்கு முக்கிய காரணம். உடலின் ஹார்மோன்கள் மாறுபடுவதால், மாதவிலக்கு நின்ற பெண்களிடம் இது மிகுதியாகத் தோன்றுகிறது. தலையிலும் புருவத்திலும் பொடுகு உள்ளவர்கள், முகம் சிவந்து தடிக்கும் தோல் நோயுடையவர்கள், நெடுங்காலம் காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கும் இது வரலாம். இமையின் உள்விளிம்பில் தீட்டும் மையும் துவாரங்களை அடைக்கக்கூடும்.

நம் வீடுகளில் பெருகிவரும் மற்றொரு காரணம் கைப்பேசியும் கணிப்பொறியும் ஆகும். சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கிறோம். திரையை உற்று நோக்கும்போதோ அது பாதிக்கும் கீழாகக் குறைவதுண்டு. இமைத்தல் குறைந்தால் எண்ணெயும் வெளிவருவதில்லை.

அழுகின்ற உலர்ந்த கண்

மணல் விழுந்தது போன்ற உறுத்தல், எரிச்சல், இமை விளிம்பில் சிவப்பு, காலையில் பீளை கட்டி இமைகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். வாசிக்கும்போது எழுத்து மங்கும். இருமுறை இமைத்ததும் தெளியும். சிலருக்கு இமையில் கட்டியும் அடிக்கடி தோன்றும்.

வியப்பானது என்னவென்றால், பலருக்குக் கண்ணிலிருந்து நீர் ஓயாமல் வடிகிறது. “நீர் வடியும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும்?” என்று நாம் கேட்கலாம். உலர்வினால் உறுத்தப்பட்ட கண், தன்னைக் காத்துக்கொள்ள நீரைப் பொழிகிறது. எண்ணெய்ப் படலம் இல்லாமையால் அந்நீரும் நிலைப்பதில்லை.

இதை அறியாதவர்கள் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்தை வாங்கி விடுகின்றனர். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு உடனே மறையும். ஆனால் மருத்துவர் மேற்பார்வையின்றி நீடித்து விட்டுவந்தால் கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு கெடலாம், கண்புரையும் உண்டாகலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடுவதும் தகாது.

நாம் செய்யத் தக்கது

முதற் சிகிச்சை மிக எளியது. கைகளைக் கழுவியபின், தூய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூடு தாங்குகிறதா என்று பார்த்து, மூடிய இமைகள்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி விரைவில் ஆறுமாதலால் மீண்டும் மீண்டும் நனைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மென்மையாக நீவி, விளிம்பில் சேர்ந்த அழுக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கண்ணை அழுத்தலாகாது.

இதனால் ஒரே நாளில் குணம் தெரியாது. பல் துலக்குவதைப் போல நாள்தோறும் பல வாரங்கள் செய்ய வேண்டும். திரை பார்ப்பவர்கள் இடையிடையே இமைகளை முழுமையாக மூடித் திறக்கப் பழகுவதும், மின்விசிறிக் காற்று முகத்தில் நேரே படாமல் அமர்வதும் நலம்.

கண்வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வைக் குறைவு இருந்தால் காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரை நாட வேண்டும். வயது முதிர்ந்தோருக்கு இமையில் ஒரே இடத்தில் கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அவ்விடத்து மயிர் உதிர்ந்தாலோ, அது அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். கட்டாயம் சோதிக்க வேண்டும்.

“வயதானால் கண்ணில் தண்ணீர் வடியத்தான் செய்யும்” என்று நம் இல்லத்துப் பெரியோரின் துன்பத்தை நாம் ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு கிண்ணம் வெந்நீரும் ஒரு துண்டுத் துணியும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர, பத்து நிமிடம் போதும்.