காலையில் அருவி, மாலையில் வாடிவாசல்

ராஜபாளையம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய ஊர். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கைக் கேரளப் பக்கமே வாங்கிக்கொள்வதால், குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆடியிலும் இங்குள்ள ஓடைகளை நம்பிக் கிளம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால்தான் அய்யனார் கோவில் அருவி களைகட்டும். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தை வரைக்கும் தண்ணீர் தாங்கும். மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டு தொடங்குவதும் அந்தத் தையில்தான். அதனால் காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு வண்டி ஏறும் குடும்பம், மனம் வைத்தால் இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

அருவி, ஊருக்கு மேற்கே சுமார் 10 கி.மீ. தொலைவில், காட்டுக்குள் இருக்கிறது. ஆற்றங்கரையில் நீர்காத்த அய்யனார் கோவில். இந்த மலையிலிருந்து வரும் தண்ணீர்தான் கீழே தேக்கப்பட்டு ராஜபாளையத்துக்குக் குடிநீராகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதேபோல செண்பகத்தோப்பு. 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆகவே வனத்துறை அனுமதித்தால் மட்டுமே உள்ளே போக முடியும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடவும் வேண்டும்.

மழைநாளில் வனத்துறை வழியை அடைத்துவிட்டால் முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலையுச்சியில் மழை கொட்டி, சிறிது நேரத்தில் ஆறு புரண்டு வருவது இங்கே சாதாரணம். கோவிலுக்குப் போனவர்கள் மறுகரையில் சிக்கி, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்ட சம்பவங்கள் உண்டு. தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் குளித்தது போதும் என்று கரையேறிவிட வேண்டும்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 85 கி.மீ. நடுவே ஆண்டாள் கோவில் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவில் கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம். மதுரை வட்டாரத்தில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று பொங்கலை ஒட்டி அடுத்தடுத்து மாடு அவிழ்ப்பார்கள். காணும் பொங்கலுக்கு வழக்கமாக அலங்காநல்லூர்.

அமெரிக்க நாட்டுப்புறங்களில் நடக்கும் ரோடியோவில் வீரர் காளையின் முதுகிலேறி எட்டு நொடி தாக்குப்பிடிக்க வேண்டும். ஜல்லிக்கட்டில் ஏறுவதே கிடையாது. வாடிவாசலிலிருந்து பாய்ந்து வரும் காளையின் திமிலை ஒருவர் மட்டும் அணைத்து, எல்லைக்கோடு வரையிலோ காளை மூன்று முறை துள்ளும் வரையிலோ விடாமல் இருக்க வேண்டும். கொம்பையோ வாலையோ பிடித்தால் செல்லாது. முதலில் வருவது கோவில் காளை. அதை யாரும் தொடுவதில்லை. தெறித்து ஓடும் காளையைவிட, தென்னை நார் பரப்பிய களத்தில் நின்று, மண்ணைக் கிளறி, கிட்டே வருகிறவனைக் கொம்பசைத்து விரட்டும் காளைக்குத்தான் கைதட்டல் அதிகம். பிடிபடாவிட்டால் பரிசு மாட்டுக்காரருக்கு.

கலித்தொகைக் காலத்து ஏறுதழுவுதலின் தொடர்ச்சியான இந்த விளையாட்டுக்கு 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரினா தொடங்கித் தமிழகமெங்கும் இளைஞர்கள் திரண்ட பிறகு மாநில அரசு சட்டத்தைத் திருத்தியது. அது செல்லும் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று தீர்ப்பளித்தது. காளைக்கும் வீரருக்கும் முன்பதிவு, மருத்துவப் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு வேலி எல்லாம் இப்போது கட்டாயம். அப்படியும் காயங்கள் இல்லாத ஆண்டு இல்லை, உயிர்ப்பலியும் நேர்கிறது.

அருவியில் குளித்துவிட்டு மதியத்துக்கு மேல் அலங்காநல்லூர் சேரும் குடும்பத்துக்கு மேடையில் இடம் கிடைப்பது சந்தேகம்தான். வண்டியையும் வெகுதொலைவிலேயே நிறுத்திவிடுவார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்த நெரிசல் சரிப்படாது. அவர்கள் அருவியோடு நிறுத்திக்கொண்டு, மாட்டைத் தொலைக்காட்சியில் பார்ப்பதே உத்தமம்.