ஜோடி ஆமைகள் விளையாடுகின்றனவா, சண்டை போடுகின்றனவா? வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று பயந்த ஊர் நம்முடையது. இன்று அதே ஆமையை 'அதிர்ஷ்டம்' என்று சொல்லி காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதிலும், 'ஒண்ணு மட்டும் தனியா இருந்தா பாவம்' என்று ஜோடியாக வாங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த ஆமை? முதலில் அதைப் பாருங்கள்

ஓட்டில் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நம் வறண்ட புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமை. அதை ஒன்றுகூட வீட்டில் வளர்க்கக் கூடாது. 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. சிக்கினால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 'காட்டோரம் கிடைச்சது' என்ற பதில் செல்லாது. வீட்டில் இருந்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. நீங்களே எங்காவது கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.

ஆப்பிரிக்காவின் சல்காட்டா போன்ற வெளிநாட்டு ஆமைகளுக்கும் விதி உண்டு. சர்வதேச 'சைட்ஸ்' பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஏன் மோதிக்கொள்கின்றன?

ஆமை கூட்டுக்குடும்ப ஜீவன் இல்லை. காட்டில் பெரும்பாலும் தனியாகவே திரியும். இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் தோற்றது விலகிப் போய்விடும். வீட்டுத் தொட்டியில் விலகிப் போக இடம் ஏது? கோழிப் பண்ணை வைத்திருக்கும் நாமக்கல்காரர்களுக்கு இது புதிதல்ல. நெருக்கி அடைத்தால் கோழியும் கொத்திக்கொள்ளும்.

இன்னொரு சங்கதி. குட்டியாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று கண்டுபிடிப்பது கடினம். சில ஆண்டுகள் வளர்ந்த பிறகே தெரியும். ஆணுக்கு வால் நீளமாகவும் தடிமனாகவும், அடி ஓடு உட்குழிந்தும் இருக்கும். ஜோடி என்று நினைத்து வாங்கியவை இரண்டுமே ஆணாக இருக்கலாம். நிஜமாகவே ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் நிம்மதி இல்லை. ஆண் ஓயாமல் துரத்தி ஏறுவதில் பெண் களைத்துப்போகும்.

விளையாட்டு இல்லை... இவை சண்டை!

* ஓட்டால் ஓங்கி முட்டுவது
* கால், தலையைக் கடிப்பது
* பின்னாலேயே துரத்துவது
* தீவனத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மற்றதை அண்டவிடாமல் செய்வது

சத்தம் இல்லாத சண்டையும் உண்டு. ஒன்று எப்போதும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், சாப்பிடாமல் எடை குறைந்தால், மற்றது அதை மிரட்டுவதாக இருக்கலாம்.

ஆண் சல்காட்டாவின் கழுத்துக்குக் கீழே ஓடு முன்னோக்கி நீண்டிருக்கும். அதைக் கொடுத்து எதிரியை மல்லாக்கப் புரட்டிவிடும். ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருப்பதால், மல்லாந்து கிடக்கும்போது மற்ற உறுப்புகள் அதன் மேல் அழுத்தும். சேலத்துச் சித்திரை வெயிலில் நிமிர முடியாமல் கிடந்தால் உடல் சூடேறி உயிரே போய்விடும்.

என்ன செய்யலாம்?

* பிரிப்பதுதான் முதல் வைத்தியம். ஹாலோ பிளாக் சுவர் எழுப்பலாம். கம்பிவலை, கண்ணாடி வேண்டாம். எதிரி கண்ணில் பட்டால் முட்டிக்கொண்டே இருக்கும்.
* இரண்டு ஆண்களை ஒரே இடத்தில் விடாதீர்கள். ஒரு ஆணுக்குப் பல பெண்கள், தாராளமான இடம் என்பதே பாதுகாப்பு.
* புல், செம்பருத்தி இலையை ஒரே இடத்தில் கொட்டாமல் நாலு மூலையிலும் வையுங்கள். தண்ணீரும், ஒளிய இடமும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வேண்டும். நடுவில் செடிகள், கற்கள் வைத்து பார்வையை மறையுங்கள்.
* வெவ்வேறு இன ஆமைகளைக் கலக்காதீர்கள். ஒன்றுக்குத் தெரியாமல் இருக்கும் நோய், மற்றதைக் கொல்லலாம். புதிதாக வருவதைச் சில மாதங்கள் தனியே வைத்துக் கவனியுங்கள்.
* ஓட்டில் விரிசல், ரத்தம் தெரிந்தால் மஞ்சள் அப்பி விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள். இந்தப் பகுதிக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சண்டை தாங்கவில்லை என்று ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். நிலத்து ஆமைக்கு நீந்தத் தெரியாது, மூழ்கிவிடும். கடைகளில் விற்கும் சிவப்புக் காது நீர் ஆமையோ பிழைத்துக்கொண்டு, நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக்கொள்ளும்.

சல்காட்டா 40 கிலோவுக்கு மேல் வளரும், நம் காலத்தையும் தாண்டி வாழக்கூடும். தனியாக இருப்பது அதற்குப் பாவமே இல்லை. ஒன்று போதும்!