லினக்சில் விசைப்பலகையின் கூடுதல் விசைகளை அமைத்தல்

எழுத்து, எண் விசைகளைத் தவிர ஒலி அளவு, கணிப்பான், மைக் நிறுத்தம் போன்ற பணிகளுக்காக விசைப்பலகையில் சேர்க்கப்பட்டிருப்பவை கூடுதல் விசைகள். லினக்ஸ் நிறுவிய கணினியில் இவற்றில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் இருப்பதுண்டு. அதனாலேயே விசை பழுது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளின் தொடக்க வரிசைகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒரு கணினி இன்னும் ஓடுகிறது. அதன் ஒலி விசைகள் இயங்கவில்லை என்று காட்டியபோது, ஒரு கடையில் விசைப்பலகையையே மாற்றச் சொன்னார்கள். மாற்றவில்லை. ஒரு கோப்பில் மூன்று வரி எழுதியதும் விசைகள் இயங்கின.

விசையை அழுத்தியதும் விசைப்பலகை ஓர் எண்ணை அனுப்புகிறது. இது வருடு குறியீடு (ஸ்கேன்கோடு). லினக்சின் கருவகம் அதைத் தன் அட்டவணையில் தேடி, விசைக் குறியீடாக (கீகோடு) மாற்றுகிறது. பிறகு திரைச்சூழல் அதற்கு ஒரு பெயர் தருகிறது; அந்தப் பெயருக்குத்தான் நாம் குறுக்குவழி அமைக்கிறோம். செய்தி இவற்றில் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு உதவும் கருவி எவ்டெஸ்ட். முனையத்தில் நிர்வாகி உரிமையுடன் இயக்கினால் உள்ளீட்டுச் சாதனங்களின் பட்டியல் வரும். விசைப்பலகையைத் தேர்ந்து, சந்தேகமான விசையை அழுத்துக. எதுவுமே தோன்றாவிட்டால் பட்டியலில் உள்ள மற்றச் சாதனங்களையும் பார்க்க வேண்டும். தின்க்பேட் கணினிகளில் ‘எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்’ என்று தனிச் சாதனமே உண்டு. மடிக்கணினியின் உள்விசைப்பலகை அனுப்பிய எண் கருவகத்துக்குத் தெரியாததாக இருந்தால், ‘அறியாத விசை அழுத்தப்பட்டது’ என்ற பொருளில் டிமெசேஜ் பதிவில் ஆங்கிலத்தில் ஒரு வரி விழும். அதிலேயே எண்ணும் இருக்கும். எஃப்என் விசை மட்டும் விதிவிலக்கு. பல மடிக்கணினிகளில் அதை உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே கையாள்வதால் லினக்சுக்கு அது தெரிவதே இல்லை.

எண் கிடைத்ததும், யூடெவ் அமைப்பின் வன்பொருள் தரவுத்தளத்தில் (ஹெச்டபிள்யூடிபி) சிறு கோப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். முதல் வரி எந்த விசைப்பலகை என்பதைச் சொல்லும். அடுத்த வரிகள், விசைக்கு ஒன்றாக, எந்த எண்ணுக்கு எந்த விசை என்பதைச் சொல்லும். இந்த வரிகள் ஒவ்வொன்றும் ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். அந்த இடைவெளியை விட்டுவிட்டு அரை நாள் தவித்தவன் நான். கோப்பைச் சேமித்தபின் தரவுத்தளத்தைப் புதுப்பித்துக் கணினியை மறுதொடக்கம் செய்க.

வேலை செய்கிற, ஆனால் பயன்படாத விசைக்கும் இதே வழிதான். யூஎஸ்பி விசைப்பலகையில் ஸ்க்ரோல் லாக்கின் எண் 70047. அதை எஃப்14 என்று மாற்றினால், கருவகம் 184 என்ற விசைக் குறியீட்டைத் தரும். பலகையில் இல்லாத எஃப்13 முதல் எஃப்24 வரையான விசைகளுக்கும் கருவகத்தில் இடம் உண்டு என்பது நமக்கு வசதி. வழக்கமான தளவமைப்பில் இது திரைச்சூழலில் ‘லான்ச் 5’ என்ற பெயரில் தெரியும், குழம்ப வேண்டாம். உள்ளீட்டு மொழியை மாற்றும் குறுக்குவழியாக அதை அமைத்துக்கொண்டால், ஒரே தட்டலில் தமிழ்99-க்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். தமிழில் நிறையத் தட்டச்சு செய்யும் மாணவர்கள் இதை முதலில் செய்துகொள்வது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் மைக் விசை இயங்காததற்கு வேறொரு காரணம் உண்டு. எக்ஸ்11 திரைச்சூழலில் விசைக் குறியீடு 255-ஐத் தாண்ட முடியாது. கருவகத்தின் எண்ணோடு 8 கூட்டித்தான் அங்கே அனுப்பப்படுகிறது. மைக் நிறுத்த விசையின் எண் 248. 8 சேர்ந்தால் 256. ஒன்றே ஒன்றால் வரம்பு மீறிவிடுகிறது! ஆகவே அதற்கு எஃப்20 (எண் 190) என்ற விசையை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. தளவமைப்புக் கோப்புகளும் எஃப்20-ஐ மைக் நிறுத்தமாகவே பொருள் கொள்கின்றன.

பழைய குறிப்புகளில் காணும் எக்ஸ்மோட்மேப் கட்டளை எக்ஸ்11-க்கு உரியது; வேலண்டு சூழலில் அதை நம்ப முடியாது. செட்கீகோட்ஸ் கட்டளை செய்யும் மாற்றம் கணினியை அணைத்ததும் போய்விடும் என்பதால் சோதனைக்கு மட்டும் பயன்படுத்துக.