நீலம் தரும் சங்குப்பூ

கிளந்தான் மாநிலத்தின் புகழ்பெற்ற உணவு நாசி கெராபு. மரபு முறையில் சமைக்கும்போது, அதன் சோற்றுக்கு நீல நிறத்தைத் தருவது சங்குப்பூ. மலாய் மொழியில் இதனைப் 'புங்கா தெலாங்' என்பர். பெரனாக்கான் மக்களும் புலூட் அரிசிப் பலகாரங்களுக்கு இப்பூவின் சாற்றைச் சேர்க்கின்றனர்.

சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடியாகும். பூவின் வடிவம் சங்கை ஒத்திருப்பதால் தமிழில் இப்பெயர் ஏற்பட்டது. காக்கணம், கருவிளை என்றும் இதனை அழைப்பர். வெள்ளை நிறப் பூக்கள் பூக்கும் வகையும் உண்டு.

பூவிதழ்களை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டினால் நீலச் சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைச் சில துளிகள் விட்டால் நீலம் ஊதாவாக மாறும். இதழ்களில் உள்ள ஆந்தோசயனின் எனும் நிறமி, அமிலத்தோடு சேரும்போது நிறம் மாறுவதே இதற்குக் காரணம். இயற்கையில் நீல நிற உணவுச் சாயம் அரிது. எனவே, உணவுத் துறையினரும் இப்பூவை நாடுகின்றனர். அமெரிக்க அரசு 2021ஆம் ஆண்டில் இதன் சாற்றைச் சிலவகை உணவுகளில் நிறமூட்டியாகப் பயன்படுத்த அனுமதித்தது.

இக்கொடியை வளர்ப்பது எளிது. விதையின் தோல் கடினமானது. ஆகவே, விதைகளை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, நீர் தேங்காத மண்ணில் ஊன்ற வேண்டும். நல்ல வெயிலும் பற்றி ஏறுவதற்கு வேலியோ பந்தலோ தேவை. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் கொடி பூக்கத் தொடங்கும். மலர்ந்த பூக்களைக் காலையில் பறித்து, உலர்த்திச் சேமிக்கலாம். இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தருகின்றன. அதனால் மண்ணும் வளம் பெறுகிறது.

சங்குப்பூ பல நோய்களைத் தீர்க்கும் என்று இணையத்தில் கூறப்படுகிறது. ஆனால், மனிதர்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தப் போதுமானவை அல்ல. மேலும், இதன் விதையும் வேரும் வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடியவை, அவற்றை உண்ணக்கூடாது. மருந்து உட்கொள்பவர்களும் கருவுற்ற பெண்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இப்பூவின் பானத்தை அருந்துவது நல்லது.

ஒரு செடியின் பயனை அறிவதோடு அதன் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் அச்செடியை நாம் முறையாகப் பயன்படுத்த முடியும்.