ரயில் போயிற்று, கரைவலை இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை விளாங்குடியில் மீன் வாங்கப் போனால், கடைக்காரர் செவுளைத் தூக்கிக் காட்டி, “ராமேஸ்வரத்துச் சரக்குண்ணே” என்பார். உடனே எனக்குத் தனுஷ்கோடி ஞாபகம் வந்துவிடும். என் அப்பா அங்கே ரயிலில் போய் இறங்கியவர்.

சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தண்டவாளம் தனுஷ்கோடி மணல்திட்டின் துறைவரை போயிற்று. ரயிலை விட்டு இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறலாம். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயரை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. தபால் நிலையம், சுங்க அலுவலகம், பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த மீன்பிடி ஊர்.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டி பயணிகளோடு கடலுக்குள் போனது. ஊரும் போனது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

மீனவர்கள் திரும்பினார்கள். ஓலைக் குடிசை போட்டார்கள், வலையை விரித்தார்கள். ‘பேய் நகரம்’ என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. அடுப்புப் புகைகிற இடத்தை அப்படிச் சொல்லலாமா?

நான் அங்கே போயிருந்தபோது, மணலில் நாலைந்தடி தோண்டிய ஊற்றில் ஒரு அம்மா சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். “குடிச்சுப் பாருங்கய்யா” என்று நீட்டினார். இரண்டு பக்கமும் கடல். தண்ணீரில் துளி உப்பில்லை.

2017-ல் மணல்திட்டின் நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. முன்பு மணலில் வேன் உருட்டிக்கொண்டு போன இடத்தில் இப்போது கார்கள் வரிசை கட்டுகின்றன. கூரையில்லாத மாதா கோயிலின் பவளப்பாறைச் சுவர் முன்னால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அணியாகக் கயிற்றைப் பிடித்து, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னுக்கு நடந்தார்கள். வலையின் மடி கரையேற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவிழ்த்தபோது நெத்திலி வெள்ளிக்காசாய்க் கொட்டியது. நடுவே இரண்டு சீலா துள்ளின.

கூடையில் அள்ளி, ஐஸ் போட்டு, வண்டியில் ஏற்றினார்கள். கார்களுக்கு நடுவே ஹாரன் அடித்து வழி கேட்டுக்கொண்டே அது ராமேஸ்வரம் பக்கம் திரும்பியது.