மலைநாட்டு மணிக்கட்டு

கண்டி மாநகர் என்றதும் தலதா மாளிகையும், அதன் அருகே அமைந்த வாவியும், மகாவலியின் வளைவுகளும், மலைச்சரிவெங்கும் விரிந்த தேயிலைப் பசுமையும் நம் நினைவில் எழும். அந்நகர் உலகிற்கு ஈந்த மற்றொரு செல்வத்தைப் பற்றி இங்குச் சிந்திப்போம். அது ஒரு மனிதரின் மணிக்கட்டு. அம்மனிதர் முத்தையா முரளிதரன்.

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றுக்கு இலக்கியப் பகுதியில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள் இருக்கக்கூடும். தோட்டத் தொழிலாளியின் பேரன் ஒருவன், தன் குலத்தாரைக் குடிகளாக ஏற்க மறுத்த நாட்டின் பெயரையே உலகெங்கும் சுமந்து சென்ற கதை இது. இதனினும் மேலான காவியப் பொருளை எங்கே தேடுவது?

முரளிதரனின் பாட்டனார் 1920ஆம் ஆண்டில் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக இலங்கை வந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. கடலுக்கு அப்பாலும் இப்பாலுமாகப் பிரிந்த குடும்பங்கள் பல. முரளிதரனின் பாட்டனாரும் தம் புதல்வியரோடு திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். புதல்வர்கள் இலங்கையிலேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா, கண்டியை அடுத்த குண்டசாலைப் பகுதியில் பிஸ்கட் தொழிற்சாலை நிறுவி உயர்ந்தார். அவருடைய மூத்த மைந்தராக 1972 ஏப்ரல் 17ஆம் நாள் முரளிதரன் பிறந்தார். 1977ஆம் ஆண்டின் இனக்கலவரம் அத்தொழிற்சாலையையும் விட்டுவைக்கவில்லை. தந்தையார் வெட்டுண்ட கொடுமையை முரளிதரனே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் பயின்றபோது அவர் முதலில் மிதவேகமாகவே பந்து வீசினார். பதினான்காம் வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறுமாறு அறிவுறுத்தினார். ஓர் ஆசிரியரின் ஒரு சொல் மாணவனின் வாழ்வை எங்ஙனம் திருப்பிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 1990-91ஆம் ஆண்டுப் பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தி, இலங்கையின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரர் என்ற விருதைப் பெற்றார். பின்னர்க் கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்தார். 1992 ஓகஸ்ட் 28இல் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் கால் பதித்தார்.

பிறவியிலேயே அவருடைய வலது முழங்கை முற்றாக நிமிராதது. மணிக்கட்டோ அளவு கடந்து சுழல வல்லது. இவ்விரண்டும் சேர்ந்தே அவரது கலை. இவ்விரண்டும் சேர்ந்தே அவருக்கு நேர்ந்த சோதனை. 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ண் மைதானத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை அவர் பந்தை எறிகிறார் என்று தீர்ப்பளித்தார். அன்றே மறுமுனையிலிருந்து அவர் வீசியபோது அங்கு நின்ற நடுவர் குற்றம் காணவில்லை! ஒரே கை, ஒரே நாள், இரண்டு தீர்ப்புகள். 1999இல் அடிலெயிடில் மீண்டும் இக்குற்றச்சாட்டு எழுந்தபோது, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரர்களை மைதானத்தின் எல்லைவரை அழைத்துச் சென்று வாதாடினார். தமிழ் வீரனுக்காகச் சிங்களத் தலைவர் நின்ற அக்காட்சி, போர் மூண்டிருந்த அந்நாட்களில் எளிதில் மறக்கத்தக்கதன்று.

முரளிதரன் வசைக்கு வசை பாடவில்லை. அறிவியலின் முன் தம் கையை நீட்டினார். மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கை ஆராயப்பட்டது. எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்று ஆய்வாளர் கூறினர். 2004இல் ‘தூஸ்ரா’ எனும் புதுவகைப் பந்து ஐயத்துக்குள்ளானது. முழங்கையை அசையாது இறுக்கும் கட்டினை அணிந்துகொண்டு, தொலைக்காட்சிக் கருவிகளின் முன் அவர் பந்து வீசிக் காட்டினார். குற்றமற்ற கையர் எனப் புகழ்பெற்ற பலரின் முழங்கையும் சிறிது நீளவே செய்கிறது என்ற உண்மை அளவீடுகளால் புலப்பட்டது. 2005 முதல் எல்லாப் பந்துவீச்சாளர்க்கும் 15 பாகை என்ற பொது வரம்பு வகுக்கப்பட்டது. அவருக்காகவே விதி வளைக்கப்பட்டது என்போர் இன்றும் உளர். ஆனால் அளவுகோல் ஒருவரின்மேல் மட்டும் வைக்கப்பட்ட காலம் அதனோடு முடிந்தது என்பதே நேர்மையான கூற்று.

சாதனைகளை விரித்தால் ஏடு கொள்ளாது. 1996இல் இலங்கை உலகக் கிண்ணம் வென்றபோது அவர் அணியில் இருந்தார். 1998இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளைச் சாய்த்து, இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் வெற்றிக்கு வழி செய்தார். 2007 டிசம்பர் 3இல் தம் சொந்த நகராம் கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி 709ஆவது விக்கெட்டைப் பெற்று, ஷேன் வோர்னைக் கடந்தார். அஸ்கிரியவில் நடந்த இறுதி டெஸ்ட்டும் அதுவே. 2010 யூலையில் காலியில் இந்தியாவை எதிர்த்து விடைபெறும் ஆட்டத்திற்கு இறங்கியபோது 800ஐ எட்ட எட்டு விக்கெட்டுகள் தேவைப்பட்டன. 22ஆம் நாள், தம் டெஸ்ட் வாழ்வின் கடைசிப் பந்தில் எட்டாவதையும் பெற்றார். 133 ஆட்டங்கள், 44,039 பந்துகள், 800 விக்கெட்டுகள். அவ்வெண்ணை இதுவரை வேறெவரும் எட்டவில்லை.

எனினும், நடுவரின் தீர்ப்பிலும் கடியதொரு தீர்ப்பைத் தமிழுலகில் ஒரு சாரார் அவருக்கு வழங்கினர். 2009இல் போர் முடிந்தமை குறித்து அவர் மொழிந்த சொற்கள் பலர் நெஞ்சைப் புண்படுத்தின. 2020இல் அவருடைய வரலாற்றைக் கூறும் ‘800’ திரைப்படத்திலிருந்து விஜய் சேதுபதி விலக நேர்ந்தது. வேறு நடிகரைக் கொண்டு 2023இல் அப்படம் வெளிவந்தது. அச்சினத்தை வீண் என்று தள்ளிவிட இயலாது. உற்றாரை இழந்தோரின் துயர் விக்கெட் கணக்கால் ஆறுவதன்று. அதே வேளை, மலையகத் தமிழனின் வரலாறு வடக்கின் வரலாற்றினின்றும் வேறான தடத்தில் நடந்தது என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். நாடற்றவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு ‘இது என் நாடு’ என்று சொல்வதே ஓர் உரிமைப் போராட்டம். அம்மக்களில் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. அதற்குள் முரளிதரன் தம் நாட்டுக்காக நானூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளைக் குவித்துவிட்டார்!

அவருடைய சொற்களோடு மாறுபடுவோர் மாறுபடட்டும். ஆயினும், கொழுந்து கொய்த கைகளின் வழிவந்த ஒரு கை, ஐயங்களையெல்லாம் தாங்கி, அளவுகோலுக்கு அஞ்சாது நீண்டு, தன் தொழிலால் மட்டுமே மறுமொழி கூறிற்று. அந்நிமிர்வை நம் மாணவர் நெஞ்சிற் பதிப்பது ஆசிரியர் கடன்.